கஷ்ட காலத்துக்கு வைத்த அரிசி

"அரிசி எங்கடி போச்சு?"

பின்கட்டு அறையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பொன்னியம்மாள். ஆடி மாதம் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததில் ஏழு மாதம் படுக்கை. இன்றுதான் துணையில்லாமல் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். எதிரே நான்கு பிளாஸ்டிக் டிரம்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அடியில் வசம்புத் துண்டும் வேப்பிலைச் சருகும்தான் கிடந்தன.

மருமகள் கலைமகள் கதவருகிலேயே நின்றாள்.

"அத்தே, முதல்ல உக்காருங்க. கால் நடுங்குது பாருங்க."

"என் கால் கிடக்கட்டும். ரெண்டு டிரம் அரிசி, ஒண்ணு கேவுரு, ஒண்ணு துவரம்பருப்பு. எங்க?"

"அவரு வரட்டும் அத்தே. வந்து சொல்லுவாரு."

"அவன் நெய்ஞ்ச புடவையக் குடுக்க முதலாளி வூட்டுக்குப் போயிருக்கான். அவனுக்கு இன்னா தெரியும்? அடுப்பங்கரை உன் கையிலதானே கீது! கொரோனாவுல மூணு மாசம் தறிக்குப் பாவு நூல் வரல. நீ அப்ப இந்த வூட்டுக்கே வரல, உனக்கெப்படித் தெரியும்? அக்கம்பக்கத்துல கையேந்தினேன்டி. அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே ஆறு மாசத்துக்கு வேண்டியது வூட்டுக்குள்ள இருக்கணும்னு. அறுப்புல விலை இறங்கறப்ப வாங்கி, வெயில்ல காய வச்சி, பழசை எடுத்து ஆக்கிட்டுப் புதுசை நிரப்பி... ஒரு குந்துமணி பொன்னு வாங்கிப் போட்டிருப்பேனா எனக்கு?"

கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கமலம் தோட்டத்துச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னாக்கா, காலையிலயே பேஜார்?"

"நாலு டிரம்மும் காலி, கமலம். கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா."

"ஐயோ! நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மார்கழியில ஒரு நாள் இவ தம்பி வண்டியில மூட்டையோட உங்க வாசல்ல நின்னுகினு இருந்தான். இலவம்பஞ்சோ இன்னாவோன்னு பேசாம வந்துட்டேன்."

"நல்லா கீது! சந்தவாசல்ல உங்க அம்மா வூட்டுல பொங்கறது எங்க வூட்டு அரிசியா?"

"எங்க அம்மா வூட்டைப் பேசாதீங்க அத்தே."

"ஏன் பேசக் கூடாது? ஏழு மாசத்துல ஒரு நாளாச்சும் என் பக்கத்துல பத்து நிமிஷம் உக்காந்தியா? சோத்தை வச்சிட்டு ஓடுவே. கூப்பிட்டா மூச்சு வாங்கிகினு வந்து நிப்பே. மூட்டை கட்டத்தானா அவ்வளவு ஜல்தி? திருடி!"

கலைமகள் நிமிர்ந்து பார்த்தாள். கமலத்தின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் கையில் ஒரு பையோடு வந்து நின்றாள் கலைமகள்.

"ஃபிளாஸ்க்ல வெந்நீர் கீது. பத்து மணி மாத்திரைய தட்டுல எடுத்து வச்சிட்டேன். நான் வரேன் அத்தே."

"போ. மிச்சம் மீதி இருந்தா அதையும் எடுத்துகினு போ" என்றாள் பொன்னியம்மாள்.

மாத்திரை தட்டிலேயே இருந்தது. கேட்டதில் தப்பில்லை, 'திருடி' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டிருக்கலாம் என்று பொன்னியம்மாளுக்குத் தோன்றியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். உச்சி வெயிலில் வந்தது மகன் சுதாகர்தான்.

"கலை எங்கம்மா?"

சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. அவன் போனை எடுத்து மூன்று முறை கூப்பிட்டான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"இன்னாம்மா பண்ணிட்டே! அவ தம்பி மூட்டைய எடுத்துகினு போகலம்மா, கொண்டாந்து இறக்கினான். நம்மது தீர்ந்துபோய் அவங்க வூட்டுக் கேவுரத் தின்னோம்."

"தீர்ந்துபோச்சா? எப்படிடா தீரும்?"

"ஆக்கித் தின்னா தீராதா? நீ விழுந்த அடுத்த வாரமே முதலாளி பாவு இல்லன்னுட்டாரு. அஞ்சு மாசம்மா! விடியறதுக்கு முன்ன கிளம்பிக் கட்டட வேலைக்குப் போய்கினு இருந்தேன். அதுவும் வாரத்துல மூணு நாள்தான் கிடைச்சிது. நீ சேத்து வச்சது இல்லன்னா நாம அவ்வளவுதான். இந்த அறுப்புல வாங்கி நாலையும் நிரப்பிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிடுவியா? கொரோனாவுல பசிக்கலன்னு பொய் சொல்லி என் தட்டுல போட்டவதானே நீ! நல்லா சாப்பிட்டாத்தான் எலும்பு கூடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

பொன்னியம்மாள் தலையை ஆட்டினாள். "இல்லடா, பொண்டாட்டிய விட்டுக்குடுக்க முடியாம பேசறே. பாவு இல்லன்னா தறி எப்படி ஓடும்? சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துகினு தினமும் கேட்டேனே, காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும்! என் புள்ள உழைக்கிறான்னு கேட்டுகினேதானே சாப்பிட்டேன்!"

சுதாகர் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது கலைமகள்மா. தறிச் சத்தம் நின்னா நீ சாப்பாட்டை நிறுத்திடுவேன்னு, அஞ்சு மாசமும் அவதான் தறிக்குழியில உக்காந்து, ஒரு இழை பாவு இல்லாத வெறும் தறியில நாடாக் கட்டைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிகினு இருந்தா."