அடுத்த ஆள்

வெளிநாட்டுப் பாதயாத்திரை. பாஷை தெரியாத ஊரில் கணவரை சலூனுக்குள் தள்ளினாள் மனைவி.

"ஆளே அடையாளம் தெரியலை. வெட்டிக்குங்க."

"அண்ணனைத் தவிர யாரும் என் தலையைத் தொட்டதில்லைம்மா."

"அவர்தான் போயிட்டாரே. அவருக்காகத்தானே இவ்வளவு தூரம் நடக்கிறோம்?"

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கத்தரி பக்கத்தில் வந்ததும் காதைத் தானே மடித்துக் கொடுத்தார். முடிந்ததும், போர்த்தியிருந்த துணியைப் பழக்கதோஷத்தில் உதறி மடித்து வைத்தார்.

கடைக்காரர் அவரையே பார்த்தார். பிறகு கத்தரியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களும் முடி வெட்டுறவர்னு இவருக்கு எப்படிங்க தெரிஞ்சது?"

"தெரியாதா பின்னே? பாவம், இவருக்கும் வெட்டிவிட ஆளில்லை போல."

அண்ணன் இறந்ததிலிருந்து ஊரில் தன் சலூனைத் திறக்காதவர், அந்தத் தலையில் மெல்லக் கை வைத்தார்.

"கொஞ்சம் குனிஞ்சுக்குங்கண்ணே."