டொரன்டோவில் இன்னும் சனிக்கிழமை

முதலில், பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்றார்கள். அடுத்து, இரவு பத்துக்கு மேல் தண்ணீர் மோட்டார் ஓடாது என்றார்கள். மூன்றாவதாக, மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். நான்காவதாக, குடியிருப்புச் சங்கக் கூட்டத்தையே ஞாயிறு காலை ஆறரைக்கு மாற்றினார்கள். வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடியில் பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் டொரன்டோவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சனி இரவு ஒன்பது மணி.

ஐந்தாவது அநியாயத்துக்காக இன்று கூடினோம்.

செயலாளர் லவினா முறைப்பாட்டை வாசித்தார். "காவலாளி காளியப்பன் பட்டப்பகலில் வாசலில் நித்திரை. உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும்."

வேலை போனால், படிக்கட்டுக்குக் கீழே அவர் படுக்கும் அறையும் போய்விடும். காளியப்பன் லிஃப்ட் அருகே தலைகுனிந்து நின்றார்.

மூன்றாம் மாடி புஷ்பராஜ் துள்ளி எழுந்தார்.

"பாருங்கோ! அங்க அவையள் சாப்பிட்டு முடிச்சு சோபாவில சாய்ஞ்சிருக்கினம். இங்க நாங்க பல்லும் தீட்டாமல் குந்தியிருக்கிறம். அங்க இன்னும் சனி, இங்க ஞாயிறு. நேற்றைய ஆக்கள் இன்றைய எங்களை ஆளுறாங்கள்! இப்ப ஏழையின்ர வயித்திலயும் அடிக்கிறாங்கள்!"

கை தட்டினோம். வெளியே காலை ரொட்டி விற்கும் சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டபடி போனது. பாண் வாங்கக்கூட ஒருவரும் எழும்பவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க, காளியப்பன்?" என்றார் லவினா.

"ராத்திரியும் நாந்தாங்க, பகலும் நாந்தாங்க. மத்தவர நிப்பாட்டுனதுல இருந்து ஒத்த ஆளு."

மாதக் கட்டணம் கூடும் என்று மற்றக் காவலாளியை வேண்டாமென்றது நாங்கள்தான்.

மேசையிலிருந்த மடிக்கணினியில் கறுப்புத் திரை. அதில் டொரன்டோவிலிருந்து இணைந்த சங்கத் தலைவர் ஸியாமின் பெயர் மட்டும். எந்தக் கூட்டத்திலும் அவர் முகம் காட்டியதில்லை.

"தலைவரே, முகத்தைக் காட்டுங்கோவன்! கட்டில்ல படுத்துக்கொண்டோ எங்களை ஆளுறீங்கள்?" என்றார் புஷ்பராஜ். கூட்டம் சிரித்தது.

திரை வெளித்தது.

ஏதோ பெரிய கட்டடத்தின் வாசல் மேசை. பின்னால் கண்ணாடிக் கதவு. ஸியாம் காவலாளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கோணும், ட்யூட்டியில ஈக்கிறேன். விடியும்வரைக்கும் இந்த வாசல்தான். ராவெல்லாம் முழிச்சவன் பகல்ல தூங்காம என்ன செய்ற? காளியப்பன நிப்பாட்ட நான் விடமாட்டேன். ரெண்டாவது ஆளையும் திரும்ப எடுப்போம். என்ட பங்கக் கூட்டித் தாறேன்."

சிரித்தவர்கள் நாற்காலிகளில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அப்ப இந்த முறைப்பாட்டக் குடுத்தது யாரு?" முதலாம் மாடி ஸமீமா கேட்டார்.

புஷ்பராஜ் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது. கோயிலுக்குப் போற ஆக்களும் இருக்கினம்."

"பேரை வெளியில சொல்ல வேண்டாமெண்டு எழுதியிருக்கு," என்றார் லவினா.

"காளியப்பன்ட பேர மட்டும் எல்லாருக்கும் முன்னால வாசிச்சீங்க தானே?" என்றார் ஸியாம். "அதையும் வாசிங்க. சத்தமா."

லவினா தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"முறைப்பாட்டாளர், மூன்றாம் மாடி, க. புஷ்பராஜ்."