மிளகாய்ப் புகை

த்லாகோ அனல் சட்டியில் ஒரு கை காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டாள். தம்பி மகளைப் பார்த்து, "உள்ள வாடி," என்றாள்.

தெய்கு தலையைக் குனிந்தபடி எழுந்தாள். அதற்குள் அவள் அம்மா ஷனாத் ஓடிவந்து வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"எங்க கடலோரத்துல மிளகாயை மீன்லதான் போடுவோம் அண்ணி. புள்ளை மூக்குல போட மாட்டோம்."

மிளகாய்ப் புகையில் முகம் காட்டித் தண்டிக்கும் அளவுக்கு நடந்தது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. காலையில் குடத்தோடு கால்வாய்க் கரையில் போன தெய்கு, ஓடத்திலிருந்து ஒருவன் வான்கோழியும் தானுமாகத் தண்ணீருக்குள் கவிழ்ந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? ஆனால் இந்த ஏரி நகரத்து மெஷிகா குடியில் பிறந்த பெண்பிள்ளை மண்ணைப் பார்த்துத்தான் நடக்கணும், தெருவில் பல் தெரியக் கூடாது. அதுவும் போகட்டும். போயும் போயும் மோசெல் அம்மாள் கண்ணிலா பட வேண்டும்?

மோசெல் அம்மாள் அந்தப் பேட்டைப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கண்காணி. நேராக முற்றத்துக்கு வந்தாள், பாயை விரிக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் கண்டித்து வளர்க்கத் துப்பில்லை என்றால் பெண்ணைக் கோயிலில் விடுங்கள், நான் வளர்த்துக்கொள்கிறேன் என்றாள். கோயிலுக்குப் போன பெண் அப்புறம் கல்யாணத்துக்குத்தான் வீடு திரும்புவாள். அம்மாக்காரி அசலூர், அவளுக்கு எங்கே வளர்க்கத் தெரியும் என்று போகிறபோக்கில் ஒரு குத்தல் வேறு.

ஷனாத் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள், பெண்ணை மிரட்டி வளர்ப்பதை மட்டும் பொறுக்க மாட்டாள். பால்குடி மறந்த குழந்தை கையில் நாத்தனார் தக்கிளியைத் திணித்தால் இவள் பிடுங்கி ஒளித்து வைப்பாள். சோம்பேறித்தனத்துக்குக் குத்துவதற்கென்று வைத்திருந்த கற்றாழை முள்ளைக் கால்வாயில் வீசியதும் இவள்தான். அதற்காக நாத்தனார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தள்ளு," என்றாள் த்லாகோ. "பெத்தவ பார்க்கக் கூடாது. அதுதான் முறை."

பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு, போன தடவைகளைப் போலவே பாய்த் திரையைக் கீழே விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் புகை திரையைத் தாண்டி வந்தது. அதோடு இருமலும் வந்தது. சாதாரண இருமலா அது? குடல் வெளியே வந்து விழுந்துவிடும் போலிருந்தது. ஷனாத் முற்றத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். என் வயிற்றில் பிறந்த பாவத்துக்கு இந்தக் கதியா என்று தெருவே கேட்கும்படி அழுதாள். மோசெல் அம்மாள் வறுத்த பூசணி விதையைக் கொறித்தபடி அசையாமல் இருந்தாள். கல்நெஞ்சுக்காரி.

ஷனாத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முகம் கழுவப் போகிறவள்போல எழுந்து, கொல்லைப்புறமாகச் சுற்றி ஓடினாள்.

பின்வாசலில் ஏரிக்காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே தெய்கு சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவரை வைத்த சோளக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

அனல் சட்டிக்கு மேலே குனிந்து இருமிக்கொண்டிருந்தவள் த்லாகோ. கண்ணும் மூக்கும் ஒழுகி, முகம் தக்காளியாகிவிட்டது.

"கத்தித் தொலைச்சிடாதே," என்றாள் இருமலுக்கு நடுவே.

போன தடவையும் இப்படித்தானா என்று ஷனாத் கேட்டாள். எல்லாத் தடவையும்தான் என்று வாய் நிறையக் கொழுக்கட்டையோடு பெண் பதில் சொன்னாள்.

"ஏன் அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்கு நடிக்க வராதுடி. மனசுல இருக்கிறது மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும். நீ நெஜமா அழுதாத்தானே அவ நம்புவா."

"இவ கண்ணு சிவக்கவே இல்லையே."

"தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தானே வெளியே வரப்போறா. நம்ம ஊர் முறை அதுக்காவது உதவட்டும். நீ போ. விட்ட எடத்துலேருந்து அழு."

ஷனாத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தியையா இத்தனை காலமும் மனதுக்குள் கரித்துக் கொட்டினோம் என்று வெட்கமாயிருந்தது. தன் மேலாடை நுனியால் நாத்தனாரின் மூக்கைத் துடைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

அழ உட்கார்ந்தால் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் பெண் கோயிலுக்குப் போய்விடுவாள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பார்க்கிறவர்களுக்கு அழுகையாகத்தான் தெரிந்திருக்கும்.

இருமல் ஓய்ந்தது. திரையை விலக்கிக்கொண்டு தெய்கு வந்தாள், மண்ணைப் பார்த்தபடி, பூனைபோல.

மோசெல் அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, தெருவில் கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, இந்த வீட்டில் கண்டிப்புக்குக் குறைவில்லை, பெண் இங்கேயே வளரட்டும் என்று சொன்னாள்.

போகிறபோக்கில் ஷனாத்தைத் தேற்றுகிறவள்போல மோசெல் அம்மாள் தோளில் கைவைத்துக் குனிந்தாள்.

"அடுத்த தடவை உன் நாத்தனார்கிட்ட கொரலைக் கொஞ்சம் மெல்லிசா வச்சு இருமச் சொல்லு," என்றாள் காதோடு. "என் அண்ணன் பொண்ணுக்கு நான் அப்படித்தான் இருமினேன்."