சூடாகாத மெஷின்

வாசல் வரை வந்த மெக்கானிக்கை அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆள் தேவைப்படவில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் கதவைச் சாத்தியவளை மகள் நம்ப முடியாமல் பார்த்தாள். அவனுக்குப் போன் போட்டு வரவழைத்ததே மகள்தான்.

பாத்திரம் கழுவும் மெஷின் படுத்துவிட்டிருந்தது. தண்ணீரை எடுக்கும், கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக் கூவிவிட்டு நின்றுவிடும். தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு போட்டது போட்டபடி இருக்கும்.

"வீட்டுல யாரும்மா பார்க்கிறது?"

"உங்கப்பா எதுக்கு இருக்கார்?"

மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பக்கத்தில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடியது அவர் கைராசியில்தான். ஆனால் அது பக்கவாதம் வருவதற்கு முன்னால். இப்போது நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வேலை கொடுக்கக் கொடுக்கத் தேறும் என்று டாக்டர் சொல்லியும், கை போன மெக்கானிக் எதுக்கு ஆவான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு, மகள் கைப்பயிற்சிக்கு இழுத்துப்போகும் நேரம் தவிர ஜன்னலோர நாற்காலியே கதியென்று கிடந்தார். டூல் பையைக் கண்ணில் படாமல் அலமாரி மேல் தூக்கிப் போடச் சொன்னதும் அவர்தான்.

அம்மா அந்தப் பையை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

"என்னங்க, எழுந்திருங்க. பாத்திரம் மலையாக் குவிஞ்சு கிடக்கு."

அவர் முடியாது என்றார். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கவே வராது என்றார். அம்மா விடவில்லை. தன் முதுகுவலியைச் சொன்னாள், வெளி ஆள் வந்தால் நல்லதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போவான் என்றாள். அவள் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். இடது கையால் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். அடைப்பு இல்லை. தண்ணீர்க் குழாயில் கோளாறு இல்லை. மெஷினைச் சாய்த்து அடித்தகட்டைக் கழற்றும்போது ஒரு ஸ்குரூ விரலிலிருந்து நழுவி, அடுப்பு மேடைக்கு அடியில் உருண்டது. மகள் எடுக்கக் குனிந்தாள்.

"விடு. அவரே எடுப்பார்" என்றாள் அம்மா.

அப்பா தரையில் தவழாத குறையாகப் போய் எடுத்து வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கல்நெஞ்சுக்காரி என்று மகள் மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

ஆனால் போகப்போக அப்பாவின் முனகல் நின்றிருந்தது. தனக்குத்தானே பேச ஆரம்பித்திருந்தார். தண்ணீர் வருகிறது, போகிறது. பாத்திரம் மட்டும் சில்லென்று இருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் சூடாகவில்லை. கரண்ட் பாய்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டரை எடுத்து ஹீட்டரைச் சோதித்தார். அது நன்றாக இருந்தது. பக்கத்திலேயே ஒரு சின்ன சென்சார். தண்ணீர் எவ்வளவு சூடு என்று அது சொன்னால்தான் மெஷின் ஹீட்டரை ஓடவிடுமாம். அதைக் கழற்றி மீட்டரில் வைத்தார். எண்ணே வரவில்லை.

சென்சார் போய்விட்டது போல, புதிதாக வாங்கி வருகிறேன் என்று மகள் கிளம்பினாள்.

"இரு" என்றார் அப்பா. சென்சாரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கத்தியை வாங்கி, வயர் மாட்டும் இரண்டு முள்ளையும் மெதுவாகச் சுரண்டினார். மீட்டரில் எண் வந்தது. ஒரு டம்ளர் வெந்நீரில் சென்சாரின் மூக்கை முக்கினார். எண் மளமளவென்று இறங்கியது. சூட்டுக்கு இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம்.

என்ன கோளாறு என்று அம்மா கேட்டாள்.

"தண்ணில இருக்கிற உப்பு. முள்ளுல படிஞ்சிருக்கு" என்றார்.

திரும்ப மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. வலது கையும் தட்டுத்தடுமாறித் துணைக்கு வந்தது. மெஷின் ஓடியது. நடுவில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது.

"இவ்வளவுதானே. இதுக்குப் போய் வெளி ஆளைக் கூப்பிட்டியே" என்று சொல்லிவிட்டு அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனாள். ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அவள் தலை மறைந்ததும் மகள் கொட்டித் தீர்த்தாள். முடியாத மனுஷரைத் தரையில் புரள விட்டுவிட்டு, ஒரு ஸ்குரூவைக்கூட எடுத்துக் கொடுக்க விடவில்லை. அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்றாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கத்தி முனையில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு அவளிடம் காட்டினார். பொடிப்பொடியாக, ரோஸ் நிறத்தில்.

"உப்பு வெள்ளையா இல்ல இருக்கும்?"

மகள் தன் நகங்களைப் பார்த்தாள். அதே ரோஸ்.

"உன் நகப்பூச்சுதான். அது காஞ்சுட்டா கரண்ட் போகாது. நீ என்னைக் கைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போன நேரத்துல உங்கம்மா தகட்டைக் கழட்டிப் பூசியிருக்கா. முன்னாடி இந்த மெஷினைப் பிரிச்சப்போ டார்ச் பிடிச்சவ அவதானே? எது எங்கே இருக்குன்னு நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

மாடியைப் பார்த்து நடக்கப் போன மகளை அப்பா தடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. இந்த மெஷின் இன்னும் நாலு தடவையாவது கெட்டுப்போகணும்."