முன்னூத்தி நாப்பது வார்னிங்

"மூணு நாளா நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன் சார். அவன் என்னடான்னா, ஹெட்போனை மாட்டிக்கிட்டு சுகமா பாட்டு கேக்குறான். மானிட்டரைக்கூட ஆன் பண்ணலை."

பிரின்ஸிபாலுக்கு போன் போட்டுச் சொல்லியே விட்டேன். பின்னே? எத்தனை நாள்தான் பொறுக்குறது.

திங்கக்கிழமை காலேஜுக்கு இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருது. அதுக்குள்ள லைப்ரரி சாஃப்ட்வேர் ஓடணும். நெட்ல இலவசமா கெடைக்கிற சமாச்சாரம். அதோட புரோகிராம் கோடை எறக்கி, நம்ம மெஷின்ல ஓடுற மாதிரி நாமளே கம்பைல் பண்ணிக்கணும். பண்ணினா, இங்க கோளாறு வரலாம், அங்க வரலாம்னு முன்னூத்தி நாப்பது வார்னிங். எர்ரர் இல்லையே, போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன். ஓடவும் செஞ்சுது. ஆனா ஒரு புஸ்தகத்தோட பேரைத் தேடினா அப்படியே படுத்துடும். நடுவுல கரண்ட் கட் வேற.

ஹெட்போன்காரன் பேரு பச்சமுத்து. என் கம்ப்யூட்டர் லேப்ல டெம்பரரி புரோகிராமர். தேவனாம்பட்டினத்துலேந்து தினம் பஸ் புடிச்சு சிதம்பரம் வர்றான். மீன்பிடிக் குடும்பத்துல மொத டிகிரி. இந்த மாசம் பர்மனென்ட் ஆகலைன்னா வீட்டுக்குப் போகணும். அந்தக் கவலைகூட இல்லாம உக்காந்திருக்கானேன்னுதான் எனக்கு எரிச்சல்.

"என்ன பாட்டுய்யா அது?" ஹெட்போனைப் புடுங்கினேன்.

பதறிப்போய் எழுந்தான்.

"சார், தேடினா படுக்குதே, அதுக்குக் காரணம் இருநூத்திப் பன்னண்டாவது வார்னிங் சார். பழைய மெஷினுக்கு எழுதின கோடு. நம்ம புது சர்வர்ல ஒரு மெமரி அட்ரஸைப் பாதியா வெட்டிடுது. ஒரே ஒரு வரி சேத்தா போதும்."

"அத்தனையையும் படிச்சியா?"

"படிக்கலை சார். கேட்டேன்."

ஹெட்போனை என் காதுல வச்சேன். பாட்டு இல்லை. ஒரு மெஷின் குரல் கரகரன்னு ஒவ்வொரு வார்னிங்கையும் வரி விடாம வாசிச்சுக்கிட்டிருந்துது.

"ஆறு மாசமா கண்ணு மங்கிக்கிட்டே வருது சார். ஆளுங்க தெரியிறாங்க, எழுத்து தெரியலை. வைத்தியம் இல்லைன்னுட்டாங்க. ஆபீஸ்ல சொன்னா பர்மனென்ட் பண்ணுவாங்களா?"

அவன் சொன்ன வரியைச் சேத்து மறுபடி கம்பைல் பண்ணேன். தேடிப் பாத்தேன். புஸ்தகமெல்லாம் வரிசையா வந்துது.

அப்பதான் பிரின்ஸிபால் உள்ள நுழைஞ்சாரு.

"யாருய்யா அது, வேலை நேரத்துல பாட்டு கேக்குறவன்? அவன் பர்மனென்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு."

பச்சமுத்து தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"நான்தான் சார்"ன்னேன். "எனக்கு வேலை ஓடலைன்னதும் பழியை இவன் மேல போட்டுட்டேன்."