எல்ஸியின் கைப்பம்பு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த வெயில் சிலிபின் ஊரில், அவர்கள் வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிறது. எல்ஸி, கார் எஞ்சினின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளைக்குள் ரப்பர் குழாயை இறக்கிக் கைப்பம்பை இழுக்கிறாள். காரின் பழைய எண்ணெய் கறுப்பாகச் சூட்டோடு ஏறி வாளிக்குள் கொழகொழவென்று விழுகிறது. கணவன் மத்தியாஸ் வெள்ளைச் சட்டையில் சென்ட் மணக்கக் கேட்டில் சாய்ந்து நிற்கிறான்.

"நல்லா இழுடி. பாகான் செராய் வரைக்கும் வண்டி பட்டு மாதிரி போகணும்லா. பக்கத்துல உக்காருற பெட்ரீசியாவுக்குச் சத்தம் புடிக்காது."

அந்தப் பெயரை அவள் முகத்தைப் பார்த்தே சொல்கிறான். அவள் கை நிற்பதில்லை. கல்யாண மோதிரம் கறுப்புக்குள் காணாமல் போயிருக்கிறது. குழாய் வெறுங்காற்றை உறிஞ்சிக் கொர்ரென்கிறது. அதற்குப் பிறகும் நாலு இழுப்பு இழுக்கிறாள்.

"புது மின்யாக் ஊத்திட்டியா?" எண்ணெயைத்தான் கேட்கிறான்.

"ஊத்தியாச்சுலா. போயிட்டு வாங்க."

சட்டை அழுக்காகும் என்று அவன் குனிந்து பார்ப்பதில்லை. எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகுமுன் எரியவேண்டிய சிவப்பு விளக்கு போன கிறிஸ்மஸிலேயே அவிந்துவிட்டது. கார் பட்டு மாதிரியே முனை திரும்புகிறது. எல்ஸி அடுப்படிக்குப் போகிறாள். அரிசி வாளிக்குப் பின்னால் புது எண்ணெய் டின் மூடி திறக்காமல் இருக்கிறது.