மூன்றாவது பித்தான்

ஓய்வுபெற்ற பிறகு, பழைய துணியில் புதுச் சட்டை தைத்து விற்கும் கடையைத் திருப்பூரில் தொடங்கினேன். வியாபாரம் ஓகோ! அளவு கொடுக்க ஊரே திரளும். ஆனால் வருவதெல்லாம் தமக்குப் பதிலாக அவரவர் அனுப்பும், தானாக நடந்துவரும் நகல் பொம்மைகள். தொப்பைகூட அச்சு அசல். பேச்சு மட்டும் கிடையாது. மனிதக் குரல் கேட்காமல் என் காதில் ஒட்டடையே படிந்துவிட்டது.

அதனால் ஒரு குறும்பு செய்தேன். எல்லாச் சட்டையிலும் மேல் பித்தானை ஒப்புக்குத் தைத்துவிட்டு, "பித்தான் அறுந்தால் இலவசமாகத் தைத்துத் தரப்படும். சட்டைக்காரரே நேரில் வரவேண்டும்" என்று பலகை மாட்டினேன்.

சில மாதங்கள் கழித்து ஒருவர் வந்தார். நிஜ மனிதர், வியர்வையோடு!

"ஏனுங்கம்மா, நம்ம கடைச் சட்டைதானுங்க. பித்தான் போயிருச்சு."

வாங்கிப் பார்த்தேன். மேல் பித்தான் ஊஞ்சலாடிக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது. போயிருந்தது மூன்றாவது. அந்த இடத்து நூல், கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது.

"தானா விழுந்துச்சுங்களா?"

"தானாத்தானுங்க," என்றார், தரையைப் பார்த்து. "தைக்க நேரமாகுங்களா?"

"ரொம்ப நேரமாகுமுங்க. உக்காருங்க."

ஊசியின் காதைத் தேடத் தொடங்கினேன், கண் தெரியாதவள்போல.